ரோமில் எங்களைத் தாங்கிப் பிடித்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

மார்ச் மாதம் நானும் அம்மாவும் ரோமில் ஒரு வாரம் சுற்றிவிட்டு நல்லபடியாக மதுரை வந்து சேர்ந்தோம். அம்மாவுக்கு எழுபதைத் தாண்டிவிட்டது. இரண்டு முழங்காலிலும் வலி. முட்டைகூடத் தொடமாட்டார். "இப்படி ஒரு ஆளைக் கூட்டிக்கொண்டு ரோமுக்கா?" என்று சொந்தக்காரர்களில் கேட்காதவர்கள் இல்லை. போய்வர முடிந்தது என்றால் அதற்குப் பலர் காரணம். பாதிப் பேரின் முகவரி என்னிடம் இல்லை, சிலருக்கு என் பெயரே தெரியாது. அதனால்தான் இந்த மடலைப் பொதுவில் எழுதுகிறேன்.

முதல் நன்றி தோழியின் அண்ணனுக்கு. பல வருடம் அங்கே வேலை பார்த்தவர். அண்ணா, நான் ஆசை ஆசையாகப் போட்டு அனுப்பிய பட்டியலில் பாதியை நீங்கள் அடித்துத் திருப்பி அனுப்பியபோது எனக்குக் கோபம்தான் வந்தது. பொம்பேய் போச்சு, பிளாரன்ஸ் போச்சு. புனித பேதுரு பேராலயத்தின் குவிமாடமும் போச்சு. "மொத்தம் 551 படி. லிப்டில் போனாலும் 320 படி ஏறியாகணும், மேலே போகப் போக சுவர் சாய்ந்து வரும், அம்மாவுக்கு ஆகாது" என்று எழுதியிருந்தீர்கள். காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், நடுவில் தூக்கம் என்பது உங்கள் கணக்கு. மதியம் பல தேவாலயங்கள் எப்படியும் மூடித்தான் கிடக்கும் என்று அங்கே போனபிறகுதான் தெரிந்தது. இன்னும் நாலு இடம் பார்த்திருக்கலாமே என்ற எண்ணம் இன்றுவரை எனக்கு வரவில்லை.

கொலோசியம் டிக்கெட் விஷயத்திலும் நீங்கள்தான் காப்பாற்றினீர்கள். டிக்கெட்டில் பெயர் இருக்கும், வாசலில் பாஸ்போர்ட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். நம்மூர் இனிஷியல் வழக்கத்தை அங்கே யாருக்கு விளக்குவது? தாத்தா பெயர் அம்மாவின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயராக ஏறியிருக்கிறது. டிக்கெட்டிலும் ஒரு எழுத்து மாறாமல் அப்படியே போடச் சொன்னீர்கள். எங்களுக்கு முன்னால் நின்ற ஒரு குடும்பம் இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டு விழித்ததைப் பார்த்து அம்மா உங்களை வாழ்த்தினார். மேல்தளத்துக்கு லிப்ட் உண்டு என்பதையும் நீங்கள் சொல்லாவிட்டால் கேட்டிருக்க மாட்டோம். கி.பி. 80இல் திறந்த கட்டடத்தில் லிப்ட் இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

அப்புறம் அந்த மிளகுக் கதை. "ரோமன் போரத்தில் மாக்ஸென்டியஸ் பசிலிக்கா வந்ததும் அம்மாவை உட்காரவைத்துச் சொல்" என்று குறிப்பில் எழுதியிருந்தீர்கள். போரம் என்பது பழைய ரோமின் பொதுச் சதுக்கம், இன்று இடிபாடுகள். அங்கே மூன்று பிரம்மாண்டமான வளைவுகள் மட்டும் மிஞ்சி நிற்கும் பழங்காலப் பொது மண்டபம்தான் இந்தப் பசிலிக்கா. நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதைக் கட்டுவதற்கு முன்பு அங்கே இருந்தவை டொமிஷியன் பேரரசர் காலத்து மிளகுக் கிடங்குகள். சேர நாட்டு முசிறியில் கப்பலேறிய மிளகு, செங்கடலில் எகிப்துக் கரையை அடைந்து, பாலைவனத்தை ஒட்டகத்தில் கடந்து, நைல் நதியில் அலெக்சாந்திரியா வந்து, மறுபடி கப்பலேறி இங்கே வந்திருக்கிறது. அம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, கைப்பையில் இருந்த மிளகுப்பொடி டப்பாவைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "அப்பவே நம்ம மிளகு இல்லாம இவங்களுக்குச் சோறு இறங்கலையாக்கும்" என்றார். அன்று முழுக்க ஊருக்கே சொந்தக்காரர் மாதிரி நடந்தார், முழங்கால் வலி பற்றிப் பேச்சே இல்லை. அந்தப் பசிலிக்காவில் தப்பிய ஒரே பெரிய தூணை 1614இல் பெயர்த்துக் கொண்டுபோய் சாந்தா மரியா மஜோரே தேவாலயத்தின் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். நாங்கள் தங்கிய வீட்டிலிருந்து நடக்கிற தூரம். அதன்பிறகு ஒவ்வொரு மாலையும் அந்தப் பக்கம் போகும்போது "நம்ம கிடங்குத் தூண்" என்றுதான் அம்மா சொல்வார்.

நாங்கள் தங்கிய வீட்டின் சொந்தக்கார அம்மா, அதாவது எங்கள் சின்யோராவுக்கு நன்றி சொல்ல எனக்கு இத்தாலிய மொழி போதாது. யாராவது மொழிபெயர்த்துக் காட்டுங்கள். முதல் நாளே அம்மாவின் சாப்பாட்டைப் பற்றி விசாரித்தவர், ஒரு உண்மையை மறைக்காமல் சொன்னார்: பெக்கொரீனோ ரொமானோ பாலாடைக்கட்டியில் பாலைத் திரிக்க ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுத்த நொதியைச் சேர்ப்பார்கள். ரோமின் பேர்போன பாஸ்தாவான காச்சியோ ஏ பேப்பேயில் மிளகும் இந்தப் பாலாடைக்கட்டியும்தான். மிளகு நம்முடையது, மற்றது ஆகாது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம், எங்களுக்குத் தெரிந்தே இருக்காது. அதோடு விடாமல் ஒரு தாளில் இரண்டு பக்கமும் எழுதிக் கொடுத்தார். ஒரு பக்கம் சாப்பிடக்கூடியவை: பாலாடைக்கட்டி போடாத மரினாரா பீட்சா, பூண்டும் மிளகாய் வற்றலும் எண்ணெயில் தாளித்த ஸ்பகெட்டி, வதக்கிய சிக்கோரியாக் கீரை, யூதர் பகுதியில் எண்ணெயில் பொரிக்கும் ஆர்டிசோக் என்ற பூமொட்டுக் காய். மறுபக்கம் ஏமாற்றுபவை: புந்தரெல்லே சாலட்டில் நெத்திலி, சுப்ளி என்ற பொரித்த சோற்று உருண்டையில் இறைச்சிக் குழம்பு, புதிதாகப் பிசைந்த பாஸ்தாவில் முட்டை. அந்தத் தாளை ஓட்டல் ஓட்டலாகக் காட்டினோம். ஆர்டிசோக்கின் வெளி இதழ்கள் அப்பளம் மாதிரி நொறுங்கின. அம்மா இரண்டாவது தட்டு கேட்டார், கூச்சமே படாமல்.

வெள்ளிக்கிழமை பஸ், மெட்ரோ வேலைநிறுத்தம் என்று முந்தின இரவே கதவைத் தட்டிச் சொன்னவரும் அவர்தான். காலை 8.30 வரையும், மாலை 5 முதல் 8 வரையும் வண்டி ஓடும், நடுவில் எங்கேயும் மாட்டிக்கொள்ளாதீர்கள் என்றார். அன்று சாந்தா மரியா மஜோரேயோடு நிறுத்திக்கொண்டோம். ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்குகளை நான் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அம்மா வரிசையில் நின்று, 2025இல் அங்கே அடக்கம் செய்யப்பட்ட போப் பிரான்சிஸின் கல்லறையைக் கும்பிட்டுவிட்டு வந்துவிட்டார். கல்லில் பெயர் தவிர வேறு எழுத்தே இல்லை என்று ஆச்சரியப்பட்டார்.

எஸ்குலினோ சந்தையில் காய்கறிக் கடை வைத்திருக்கும் வங்கதேசத்துத் தம்பிக்கு ஒரு தனி நன்றி. வெண்டைக்காய், பச்சைமிளகாய், கொத்தமல்லி எல்லாம் கொடுத்துவிட்டு, கறிவேப்பிலைக்குக் காசு வாங்க மறுத்துவிட்டார். அம்மாவுக்கு ஸ்டூல் போட்டு உட்காரவைத்ததையும் மறக்கவில்லை.

சான் லூயிஜி தேய் பிரான்சேஸி தேவாலயத்தில் பள்ளிப் பிள்ளைகளோடு வந்திருந்த ஆசிரியைக்கு இந்த மடல் போய்ச் சேர வழியில்லை. புனித மத்தேயுவைப் பற்றி கரவாஜியோ வரைந்த மூன்று ஓவியங்கள் அங்கே இருக்கின்றன. பெட்டியில் காசு போட்டால்தான் விளக்கு எரியும், கொஞ்ச நேரத்தில் தானாக அணைந்துவிடும். நாங்கள் போய் நின்றதும் அணைந்தது, என்னிடம் சில்லறை இல்லை. அவர் பிள்ளைகளை விலக்கி அம்மாவை முன்னால் வரவிட்டு, தன் காசைப் போட்டார். திரும்ப அணைந்ததும் திரும்பப் போட்டார். சுங்கச் சாவடியில் உட்கார்ந்து காசு எண்ணும் மத்தேயுவின் மேசை அப்படித்தான் எங்களுக்குத் துலங்கியது, அடுத்தவர் காசில்.

தெருமுனைக் குழாயில் அம்மா குனிய முடியாமல் நின்றபோது, குழாய் மூக்கின் வாயை விரலால் அடைத்தால் மேலே உள்ள சின்ன ஓட்டை வழியாகத் தண்ணீர் பீறிட்டு வாய்க்கு நேராக வரும் என்று செய்து காட்டிய சிறுவனுக்கும் நன்றி. நகரம் முழுக்க இந்த மாதிரிக் குழாய்கள் சுமார் 2,500 இருக்கின்றன. பாட்டில் தண்ணீர் வாங்கும் செலவு அன்றோடு போயிற்று.

கடைசியாக எங்கள் தூத்துக்குடி கன்னியாஸ்திரி சிஸ்டர். ரோமில் படிக்கும் உங்கள் எண்ணைப் பக்கத்து வீட்டு அக்கா கொடுத்தபோது தொந்தரவு செய்ய யோசித்தேன். நீங்களோ வாட்டிகன் அருங்காட்சியகத்துக்கே வந்துவிட்டீர்கள். சக்கர நாற்காலியை அங்கே இலவசமாகத் தருகிறார்கள் என்பதே எனக்குத் தெரியாது. அம்மா முதலில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டார், "நான் என்ன நோயாளியா?" என்று. சிஸ்டீன் சிற்றாலயத்தில்தான் சமாதானம் ஆனார். 1508 முதல் 1512 வரை மைக்கேலாஞ்சலோ தீட்டிய கூரையைப் பார்க்க எல்லோரும் கழுத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். நாற்காலியில் சாய்ந்தபடி நிதானமாகப் பார்த்தவர் அம்மா ஒருவர்தான். பேசக்கூடாது என்று காவலர்கள் அதட்டிக்கொண்டே இருந்ததால், அவர் கேட்ட சந்தேகங்களுக்கெல்லாம் நீங்கள் வெளியே வந்துதான் பதில் சொன்னீர்கள். நோவாவின் கதையை இரண்டு தடவை சொல்லவைத்தார், பொறுத்துக்கொண்டீர்கள்.

சிஸ்டர், நீங்கள் கேட்ட உடன்குடி கருப்பட்டியை வாங்கி வைத்துவிட்டேன். ஜூனில் ரோம் வரும் உங்கள் சபைச் சகோதரியிடம் கொடுத்தனுப்புகிறேன். அதோடு இரண்டு பொட்டலம் மிளகும் இருக்கும். ஒன்று உங்களுக்கு, இன்னொன்றை சின்யோராவிடம் சேர்த்துவிடுங்கள். வீட்டு விலாசத்தைப் பொட்டலத்தின் மேலேயே எழுதிவிடுகிறேன்.

அன்புடன்,
நானும் அம்மாவும்
மதுரை