ஜெய்சல்மர் போகிற தம்பிக்கு

அன்புள்ள தம்பி,

நாளைக்கு அப்பா திதி. ஜீப் சாவி யாருக்கு என்பது பேசி முடிந்துவிட்டது. உன்கூட ஜெய்சல்மர் பாலைவனத்துக்கு நான் வரவில்லை என்பதும் முடிவுதான். காரணம் உனக்குத் தெரியும். பெரியம்மா வீட்டிலும் இதைப் படிப்பார்கள், அதனால் அந்தப் பேச்சு இங்கே வேண்டாம். பயணத்தை நவம்பருக்கு மாற்றினாயே, அது நல்லது. முதலில் நீ மே மாதம் என்றாய். 2016 மே 19 அன்று அதே ராஜஸ்தானில், பலோடியில் 51 டிகிரி வெயில்.

பாலாற்று மணலில் நீ ஆக்ஸிலேட்டரை மிதித்தது ஞாபகம் இருக்கிறதா? சக்கரம் சுற்றச் சுற்ற வண்டி ஆக்ஸில் வரைக்கும் உட்கார்ந்துவிட்டது. அப்பா திட்டவே இல்லை. இறங்கி, நாலு டயரிலும் வால்வை ஆணியால் அழுத்திக் காற்றை இறக்கினார். சக்கரங்களுக்கு முன்னால் மணலைக் கையால் வாரித் தள்ளினார். நாலு சக்கரமும் சேர்ந்து மெதுவாக இழுக்கிற ஃபோர் வீல் லோவில் போட்டு, இரண்டாவது கியரில், ஸ்டியரிங்கைத் திருப்பாமல் எடுத்தார். வண்டி வெளியே வந்தது. எவ்வளவு அழகாக எடுத்தார்! நீ போனைப் பார்த்துக்கொண்டிருந்தாய். அதனால்தான் எல்லாவற்றையும் எழுத வேண்டியிருக்கிறது.

பாலை மணலுக்கு டயர் காற்றழுத்தம் 18 பிஎஸ்ஐ வை. டயர் பரந்து உட்காரும், எடை பகிர்ந்து விழும். புதைந்தால் 15. அதற்கும் கீழே போனால் திருப்பத்தில் டயர் ரிம்மைவிட்டுக் கழன்றுவிடும். நிறுத்தும்போது பிரேக் அடிக்காதே, சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும். இறக்கத்தைப் பார்த்துத் தானாக உருண்டு நிற்கட்டும். ரோட்டுக்கு வந்ததும் காற்றை ஏற்று, இல்லாவிட்டால் பக்கச்சுவர் சூடேறி வெடிக்கும். கம்ப்ரஸரை சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் செருகினால் ஃப்யூஸ் போய்விடும். நேராக பேட்டரியில் கிளிப் மாட்டி, என்ஜினை ஓடவிடு.

காற்று இறக்கிய டயர் பக்கவாட்டில் பிதுங்கி நிற்கும். அங்கேயும் நம் ராமநாதபுரத்துச் சீமைக்கருவேலம்தான். அந்த முள் பக்கச்சுவரைக் கிழித்தால் பங்க்சர் கிட் உதவாது. ஸ்டெப்னி இரண்டு எடு. ஏர் ஃபில்டர், ஃபேன் பெல்ட், ரேடியேட்டர் ஹோஸ் மூன்றையும் ஜிபி ரோட்டில் புதிதாக வாங்கு. ரப்பர் சாமானுக்குப் பழைய சாமான் விற்கிற புதுப்பேட்டை வேண்டாம். ஜாக்கிக்கு அடியில் வைக்க ஓரடிச் சதுரத்துக்கு கனமான பிளைவுட். அது இல்லாமல் வண்டி எழும்பாது, ஜாக்கிதான் மணலில் இறங்கும்.

தண்ணீர் ஆளுக்கு நாளொன்றுக்கு 6 லிட்டர், மேலே இரண்டு நாள் கையிருப்பு. வீட்டுக்கு வருகிற 20 லிட்டர் கேனை ஏற்றாதே, குலுங்கி விரிசல் விட்டால் மொத்தமும் போச்சு. சின்னச் சின்ன கேன்களாகப் பிரித்து வை. டீசலை, ஜெய்சல்மரைத் தாண்டி வருகிற ராம்கட்டிலேயே நிரப்பிக்கொள், அதற்கப்பால் எல்லையோரத்துத் தனோட் வரைக்கும் பங்க்கை நம்பாதே. மணலில் மைலேஜ் பாதிதான். சாட்டிலைட் போன் வாடகைக்குக் கிடைக்கிறது என்றாயே, அனுமதியில்லாமல் வைத்திருப்பதே குற்றம். எல்லைப் பக்கம் என்றால் சொல்லவே வேண்டாம்.

விறகு ஒடிக்காதே, ஸ்டவ் கொண்டு போ. அங்கே நிற்கிற கேஜ்ரி, நம் கோயில்களில் சுற்றிவரும் அதே வன்னி. 1730-ல் கேஜர்லியில் அந்த மரங்களைக் காக்க பிஷ்னோய் மக்கள் 363 பேர் உயிர் கொடுத்தார்கள்.

கூட வராததற்கு மன்னித்துவிடு என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அப்பாவின் டூல்பாக்ஸைப் பிரித்து எடுத்துப்போனது யார்? சரி, விடு. பதினாலாம் நம்பர் ஸ்பேனர் அதில் இல்லை, வாங்கிக்கொள்.

ராம்கட்டில் சிக்னல் இருக்கும்போதே எந்தப் பாதை, எத்தனை மணிக்குத் திரும்புவாய் என்று எனக்கு மெசேஜ் போடு. அம்மாவுக்கு வேண்டாம். வண்டி சிக்கினால் அதைவிட்டு நடந்து போகாதே. தேடுகிறவர்களுக்கு ஆளைவிட வண்டி சீக்கிரம் கண்ணில் படும். சொன்ன நேரத்துக்கு மேல் ஆறு மணி நேரம் பார்ப்பேன், அப்புறம் ஜெய்சல்மர் போலீஸுக்குப் போன் போட்டுவிடுவேன். மானத்தை வாங்கிவிட்டாய் அக்கா என்று திரும்பி வந்து சண்டை போடு, பார்த்துக்கொள்ளலாம்.

அக்கா