ஆண்டறிக்கை 2024–25: நமது வானியல் ஆர்வலர் சங்கம்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இந்த ஆண்டு மாதாந்தரக் கூட்டங்கள் பெரும்பாலும் சிறுகோள்களைப் பற்றியே அமைந்துவிட்டன. திட்டமிட்டு அப்படிச் செய்யவில்லை. உறுப்பினர்கள் கேட்ட கேள்விகளெல்லாம் அந்தப் பக்கமே இழுத்துக்கொண்டு போயின.

ஜூன் 30, உலகச் சிறுகோள் தினம். 1908-ல் அதே நாளில் சைபீரியாவின் துங்குஸ்கா காட்டுக்கு மேலே ஒரு விண்பொருள் வெடித்து, ஏறத்தாழ 2,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் மரங்களைச் சாய்த்தது. அன்றைய கூட்டத்தில் பெயர்க் குழப்பத்தைத் தீர்த்துக்கொண்டோம். சூரியனைச் சுற்றும் பாறைகள் சிறுகோள்கள். செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்தான் அவை மிகுதி. ஒரு மீட்டருக்குக் குறைவான துண்டு என்றால் விண்கல். அது காற்றில் பாய்ந்து ஒளிரும்போது எரிகல். எரிந்து தீராமல் தரைக்கு வந்து சேர்ந்தால் விண்வீழ்கல்.

அக்டோபரில் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருவர் தன் பாட்டியின் வயலில் கிடைத்த கறுப்புக் கல்லைக் கொண்டுவந்தார். காந்தம் ஒட்டியது, விண்வீழ்கல்லாக இருக்குமோ என்று எல்லோருக்கும் ஒரே பரபரப்பு. உடைந்த முனையைப் பார்த்தால் உள்ளே சின்னச் சின்னக் குமிழ் ஓட்டைகள். விண்வீழ்கல்லில் இப்படிக் குமிழ்கள் இருப்பது மிக அரிது. பழைய கொல்லுலைச் சிட்டம், அதாவது இரும்பு வேலையில் மிஞ்சிய கசடு, என்று முடிவானது. ஆனாலும் அந்தப் பிள்ளை காந்தத்தோடு இன்னும் வயலைச் சுற்றிவருகிறார். அதில் எனக்கு நிரம்ப மகிழ்ச்சி.

டிசம்பர் 13 இரவு ஜெமினிட் எரிகல் பொழிவு பார்க்க மொட்டைமாடியில் கூடினோம். அன்றுதான் கார்த்திகை தீபம். நிலா ஏறக்குறைய முழுதாக இருந்தது, மழை மேகம் வேறு. மூன்று மணி நேரத்தில் நான்கே எரிகற்கள். பொதுவாக எரிகல் பொழிவுகள் வால்மீன் விட்டுச்சென்ற தூசியால் வருபவை. இதற்கு மூலம் ஃபேத்தான் என்ற சிறுகோள்.

ஜனவரியில் ஜவ்வாது மலைக் காவலூர் வானாய்வகத்துக்குப் போய்வந்தோம். கணித மேதை ராமானுஜனின் பெயர் தாங்கிய 4130 எண் சிறுகோள் 1988-ல் அங்கிருந்துதான் கண்டுபிடிக்கப்பட்டது. அதற்கு வெகுகாலம் முன்பே, 1861-ல், நுங்கம்பாக்கத்திலிருந்த மதராஸ் வானாய்வகத்தில் வானியலாளர் போக்சன் ஒரு சிறுகோளைக் கண்டுபிடித்து ‘ஆசியா’ என்று பெயரிட்டார். நம் பிள்ளைகளுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

பிப்ரவரியில் என் கைப்பேசி ஓயவில்லை. 2024 ஒய்ஆர்4 என்ற சிறுகோள் 2032 டிசம்பர் 22 அன்று பூமியில் மோத 3.1 சதவீத வாய்ப்பு என்று செய்தி. வாய்ப்பு ஒரு சதவீதத்தைத் தாண்டி மூன்றைத் தொட்டதும் பலர் நிஜமாகவே பயந்துவிட்டார்கள். சரி, கூட்டத்திலேயே செய்து காட்டுவோம் என்று தரையில் கோலமாவால் நீளமாக ஒரு பட்டை வரைந்து, அதற்குள் பூமியாக ஒரு புளியங்கொட்டையை வைத்தோம். சிறுகோள் அந்தப் பட்டைக்குள் எங்கு வேண்டுமானாலும் வரலாம். தொலைநோக்கிகள் மேலும் மேலும் அளக்க, பட்டையைத் துடைத்துத் துடைத்துக் குறுக்கினோம். கொட்டை உள்ளேயே இருக்கும்வரை, மிச்சமிருக்கும் இடத்தில் அதன் பங்கு கூடிக்கொண்டே போகிறது. கடைசியில் ஒரு துடைப்பில் கொட்டை பட்டைக்கு வெளியே! சில நாட்களில் நிஜத்திலும் அதுவே நடந்தது. பூமியில் மோதும் வாய்ப்பு ஏறக்குறைய பூஜ்ஜியமாகிவிட்டது. வாய்ப்பு ஏறியதற்கும் இறங்கியதற்கும் காரணம் ஒன்றுதான், அளவீடு கூர்மையானது. எனக்குத் தெரிந்து, இந்த ஆண்டு நாம் நடத்தியதிலேயே சிறந்த கூட்டம் அது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். 2029 ஏப்ரல் 13 அன்று அபோபிஸ் சிறுகோள் பூமியிலிருந்து சுமார் 32,000 கிலோமீட்டரில், வானில் ஒரே இடத்தில் நிற்பதுபோல் தெரியும் புவிநிலைச் செயற்கைக்கோள்களைவிடக் கிட்டத்தில், மோதாமல் கடந்துபோகும். அதற்குள் சங்கத்துக்குச் சொந்தமாக ஒரு தொலைநோக்கி வாங்க நிதி திரட்டும் தீர்மானத்தை முன்வைக்கிறேன். மாடியைத் தந்து உதவியவருக்கும், பனியில் சுக்குக் காபி போட்டுக் கொடுத்த அம்மாவுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்