பெரியவர்களின் பல் வைத்தியம்: கனடா அரசின் உதவி

வணக்கம் உறவுகளே,

அம்மம்மா கொஞ்ச நாளாகச் சோற்றைக் குழைத்துத்தான் கேட்கிறா, இறைச்சியை ஒதுக்கி வைக்கிறா என்றால், வயசுதானே என்று விட்டுவிடாமல் பல்லைக் காட்டுங்கள். குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 டொலருக்குக் குறைவாக இருந்து, வேறு பல் காப்புறுதியும் இல்லையென்றால், கனடா அரசின் பல் பராமரிப்புத் திட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம். பல் பிடுங்குவது, அடைப்பது, பொய்ப்பல் கட்டுவது எல்லாம் அதில் அடங்கும்.

ஆனால் சில கிளினிக்குகள் அரசு தரும் தொகைக்கு மேலே கேட்கும். அதனால் கதிரையில் இருக்க முதலே கணக்கைக் கேளுங்கள்.

கணவன், மனைவி இருவரும் வரிக்கணக்குக் கொடுத்திருக்க வேண்டும். அப்புறம், ஆண்டுதோறும் புதுப்பிக்கவும் வேண்டும். பலர் இதை மறந்துவிடுகிறார்கள்.

படிவம் நிரப்பக் கஷ்டமென்றால் இங்கே சொல்லுங்கள், சேர்ந்து நிரப்புவோம். சமூகக் காப்புறுதி இலக்கத்தை மட்டும் குழுவில் போட வேண்டாம்.