கிரீமா, சந்தனமா? தரையைப் பார்த்து முடிவெடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

பொங்கலுக்கு முன் பெயிண்ட் வாங்கப் போகிறவர்கள் டெல்டா ஊர்களில் பெரும்பாலும் கிரீம், சந்தனம் இந்த இரண்டு நிறத்தில்தான் தடுமாறுகிறார்கள். தபால்தலை அளவு ஷேடு கார்டை (நிற மாதிரி அட்டையை)க் கடை டியூப்லைட்டில் பார்த்துச் சொல்லிவிட்டு வந்தால் ஏமாற்றம்தான்.

கிரீம் தன்மேல் விழும் வெளிச்சத்தில் முக்கால் பங்கைத் திருப்பித் தரும். சந்தனம் பாதியைச் சற்றே தாண்டும். முற்றத்தை மூடிவிட்ட பழைய வீட்டின் கூடத்திலும் ரேழியிலும் சந்தனம் அடித்தால் பகலிலேயே விளக்குப் போட வேண்டியிருக்கும். அடுத்தது தரை. ரெட் ஆக்சைடு தரையில் வெயில் விழும்போது சுவரின் கீழ்ப்பகுதியில் அந்தச் சிவப்பு ஏறும். கிரீம் லேசாக ரோஸ் அடிக்கும், பரவாயில்லை. சந்தனமோ செங்கல் பொடி ஒட்டியது போலப் பழுப்பாகிவிடும். வெள்ளை டைல்ஸ் போட்ட வீட்டில் சந்தனம் தாராளமாக அடிக்கலாம். ஆனால் நீலம் கலந்த வெள்ளை வெளிச்சம் தரும் 6500 கெல்வின் எல்இடி பல்பு அதைச் சாம்பலாக்கும், இளமஞ்சள் வெளிச்சம் தரும் 3000 கெல்வின் பல்பு போடுங்கள்.

கிரீமுக்கு மூடும் திறன் குறைவு. பழைய நீலச் சுவரில் பிரைமர் என்ற அடிப்பூச்சு இல்லாமல் அடித்தால் மூன்றாவது கோட்டிலும் அடிநிறம் எட்டிப் பார்க்கும். சுவிட்ச் பலகையைச் சுற்றிக் கைத்தடமும், விளக்கு மாடத்துக்கு மேல் புகைக்கறையும் அப்பட்டமாகத் தெரியும்.

2 அடிச் சதுர வெள்ளை அட்டையில் 2 கோட் அடித்து, தரையோரம் சாய்த்துவைத்துக் காலை, மாலை, இரவு பாருங்கள். சுவரிலேயே அடித்தால் சுற்றியுள்ள பழைய நிறம் கண்ணை ஏமாற்றும். 10க்கு 12 அறை, 10 அடி உயரம் என்றால் கதவு, ஜன்னல் போகச் சுமார் 400 சதுர அடி. 2 கோட்டுக்கு 7 லிட்டர் ஆகும். மொத்தமாக வாங்கி ஒரே வாளியில் கலந்துகொள்ளுங்கள். குறைந்ததைப் பிறகு வாங்கினால் சாயல் மாறும் வாய்ப்புண்டு.

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஊறிய சுவர் மார்கழியில் மேலுக்குத்தான் காய்ந்திருக்கும். ஒன்றரை அடி பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, மறுநாள் பிரியுங்கள். உள்பக்கம் வேர்த்திருந்தால் காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் உப்புப் பூத்து உரியும். சந்தனச் சுவரில் அந்த வெள்ளைத் திட்டு இன்னும் எடுப்பாகத் தெரியும்.

பழைய சுண்ணாம்புக் காரைச் சுவருக்கு எமல்ஷனே (கடையில் விற்கும் பிளாஸ்டிக் பெயிண்ட்) வேண்டாம், ஈரம் வெளியேற வழியிருக்காது. சுண்ணாம்பில் மஞ்சள் காவி கலந்து அடித்தால் அருமையான சந்தனம் வரும். ஈரத்தில் அடர்த்தியாகத் தெரிகிறதே என்று காவியைக் குறைத்துவிடாதீர்கள், காய்ந்தால் நன்றாக வெளுக்கும்.

– வாசகர், மயிலாடுதுறை