தீர்மானப் புத்தகம் வீட்டுக்கு வந்த கதை

ஆசிரியர் அவர்களுக்கு,

2019 டிசம்பர் ஊராட்சித் தேர்தலில், பெண்களுக்கு ஒதுக்கிய வார்டில் ஜெயித்தவள் நான். முதல் மூன்று கூட்டங்களுக்கு எனக்குத் தகவலே இல்லை. சாயங்காலம் தீர்மானப் புத்தகம் மட்டும் வீடு தேடி வரும். "இந்த இடத்துல ஒரு கையெழுத்து போடுங்கக்கா" என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். மேலே எழுதியிருப்பதை உள்ளங்கை மறைத்திருக்கும். நாலாவது தடவை, "படிச்சுட்டுத்தான் போடுவேன்" என்று புத்தகத்தை வாங்கினேன். என் தெருவில் குடிநீர்க் குழாய் போட்டாயிற்று என்று இருந்தது. குழி கூடத் தோண்டவில்லை. அதன்பிறகு ஒரு கூட்டத்தையும் நான் விட்டதில்லை.

அரசியல் சட்டத்தின் 243டி பிரிவு ஊராட்சிகளில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தந்தது. தமிழ்நாடு 2016இல் அதைப் பாதியாக்கியது. அந்த ஒதுக்கீடு இல்லாவிட்டால் என்னை யார் நிற்க விட்டிருப்பார்கள்? ஒதுக்கீடு இல்லாத சட்டமன்றத்துக்கு, 2021இல் 234 பேரில் 12 பெண்கள்தான் ஜெயித்துப் போனார்கள். மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் தர 2023இல் நிறைவேறிய 106ஆவது அரசியல் சட்டத் திருத்தமோ, மக்கள்தொகைக் கணக்கெடுப்பும் தொகுதி மறுவரையறையும் முடியட்டும் என்றது. கட்சிகள் பெண்களுக்கு சீட் கொடுப்பதற்கு அதெல்லாம் எதற்கு? ஜெயிக்கிற தொகுதியாகப் பார்த்துக் கொடுங்கள் என்று கேட்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் வார்டு உறுப்பினர் ஒருவர்