பூங்காவோரம் வாழ்பவர்களை விரட்ட வேண்டாம். அருகிலேயே குடும்பக் காப்பகமும் இரவுக் கழிப்பறையும் வேண்டும்: ஆணையருக்கு ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
பூங்காவை ஒட்டிய தெருவில் குடியிருப்பவர்,
பழைய வண்ணாரப்பேட்டை,
சென்னை – 600 021.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
பெருநகர சென்னை மாநகராட்சி,
ரிப்பன் மாளிகை,
சென்னை – 600 003.

பொருள்: பூங்காச் சுவரோரம் தங்கியுள்ள வீடற்றோருக்கு நடந்துபோகும் தொலைவில் குடும்பக் காப்பகமும், இரவிலும் திறந்திருக்கும் கழிப்பறையும் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆணையர் அவர்களுக்கு,

வணக்கம். எங்கள் தெருப் பூங்காவின் சுவரோரம் இரவில் படுத்துறங்கும் மக்களை அப்புறப்படுத்தக் கோரி எங்கள் பகுதியிலிருந்து ஒரு மனு தங்களிடம் வரவிருக்கிறது. நடைபாதை நெடுக இரும்புக் கம்பிகளைப் பதிக்க வேண்டும், பகலிலும் அவர்களைப் பூங்காவுக்குள் விடக் கூடாது என்று அதில் கேட்டிருக்கிறார்கள். நான் அதில் கையெழுத்திடவில்லை. அந்தச் சுவருக்கு நேர் எதிரே குடியிருக்கிறேன். அந்த மனு சொல்லாமல் விட்டதைத் தங்கள் பார்வைக்கு வைப்பது என் கடமை என்று நினைக்கிறேன்.

அக்கம்பக்கத்தார் சொல்லும் தொல்லைகள் பொய்யல்ல. விடியற்காலையில் வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தால் மூத்திர நெடி முகத்தில் அடிக்கிறது. சில இரவுகளில் குடித்துவிட்டுச் சண்டை நடக்கிறது. தனக்குத்தானே பேசிக்கொண்டு திடீரென்று கல்லெடுக்கும் ஒருவரைக் கண்டு பிள்ளைகள் ஊஞ்சல் பக்கம் போகப் பயப்படுகிறார்கள். ஆனால் நெடிக்குக் காரணம் அங்கே மனிதர்கள் படுப்பது அல்ல. தெருமுனைக் கழிப்பறையை, அதைப் பராமரிக்கும் ஒப்பந்ததாரரின் ஆட்கள் இரவு எட்டு மணிக்கெல்லாம் பூட்டிவிடுகிறார்கள். அதற்குப் பிறகு ஒரு பெண் எங்கே போவாள்? இருட்டும்வரை தண்ணீர் குடிக்காமல் அடக்கிக்கொண்டிருக்கும் பெண்கள் அந்தச் சுவரோரம் இருக்கிறார்கள். குடித்துவிட்டு வருபவர்களிலும் பெரும்பாலோர் வெளியாட்கள். அவர்களிடம் முதலில் அடிபடுபவர்கள் இந்த நடைபாதைவாசிகள்தான்.

இவர்களைப் 'பிச்சைக்காரர்கள்' என்று அந்த மனு குறிப்பிடுவது எனக்கு மிகுந்த வருத்தம் தருகிறது. எம்.சி. ரோடு துணிக்கடைகளுக்கு மூட்டை ஏற்றி இறக்குபவர்கள், சரக்கேற்றும் மூன்று சக்கர மீன்பாடி வண்டி ஓட்டுபவர்கள், கல்யாண மண்டபங்களில் பாத்திரம் தேய்ப்பவர்கள், பூக்கட்டி விற்கும் பெண்கள் இங்கே படுக்கிறார்கள். ஊர் உறங்கும்போதே எழுந்து காசிமேட்டுத் துறைமுகத்துக்குக் கூடை சுமக்கப் போகிறவர்களும் உண்டு. பூங்காக் கதவு திறந்திருக்கும் நேரத்தில் வேப்ப மரத்தடியில் அவர்கள் கண்ணயர்ந்தால், அது இரவெல்லாம் உழைத்த அசதி. நம் பகுதியின் சந்தையும் விசேஷ வீடுகளும் இவர்கள் உழைப்பில்தான் நடக்கின்றன.

வீடற்றோருக்கான காப்பகங்கள் இருக்கும்போது ஏன் போகவில்லை என்று அக்கம்பக்கத்தார் கேட்கிறார்கள். நானும் நடைபாதைவாசிகளிடம் கேட்டேன். பெரும்பாலான காப்பகங்கள் ஆண்களுக்குத் தனி, பெண்களுக்குத் தனி. கணவனும் மனைவியும் இரண்டு பிள்ளைகளும் உள்ள குடும்பம் அங்கே போனால் ஆளுக்கொரு திசையாகப் பிரிய வேண்டும். வண்டி வைத்திருப்பவர் வண்டியைத் தெருவில் விட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்க முடியாது, அதுதான் அவருடைய பிழைப்பு. தொலைவில் கொண்டுபோய் விட்டால் அதிகாலை வேலை கைவிட்டுப் போகும். இவை சாக்குப்போக்குகள் அல்ல. அவர்கள் நிலையில் இருந்தால் நானும் குடும்பத்தைப் பிரிக்கச் சம்மதிக்க மாட்டேன்.

நகரங்களில் ஒரு லட்சம் மக்கள் தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் ஆண்டு முழுவதும் இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும்படி அமைக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010ஆம் ஆண்டில் வலியுறுத்தியது. மத்திய அரசின் தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் வழிகாட்டுதல்கள், ஒருவருக்கு ஐம்பது சதுர அடி இடம் வேண்டும் என்கின்றன. வீடற்றோர் கூடியிருக்கும் இடங்களுக்கும் வேலைத்தலங்களுக்கும் இயன்றவரை அருகிலேயே காப்பகம் அமைய வேண்டும் என்றும், குடும்பங்களுக்கெனத் தனிக் காப்பகம் அமைக்கலாம் என்றும் அவை சொல்கின்றன. நான் கேட்பது இதற்கு மேல் ஒன்றுமில்லை. ராயபுரம் மண்டலத்தில் பயன்பாடின்றிக் கிடக்கும் மாநகராட்சிக் கட்டடம் ஒன்றைக் குடும்பக் காப்பகமாக மாற்றி, வண்டி நிறுத்த இடமும் பொருள் வைக்கப் பூட்டுள்ள பெட்டியும் தந்து, நள்ளிரவிலும் வேலைக்குப் போய்வர அனுமதித்தால் பெரும்பாலானோர் மகிழ்ச்சியோடு போவார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது பள்ளிக்கூடங்கள் நிவாரண முகாம்களாயின. வெள்ளத்துக்குத் திறந்த கதவு ஐப்பசி, கார்த்திகை அடைமழைக்கும் திறக்கலாகாதா?

காப்பகம் அமையும்வரை காத்திருக்க முடியாத காரியங்களும் உள்ளன. தெருமுனைக் கழிப்பறையை இந்த வாரமே இரவு முழுவதும் கட்டணமின்றித் திறந்துவைத்து, விளக்கும் பெண் காவலரும் ஏற்பாடு செய்யுங்கள். எங்கள் தெருவின் பாதிச் சச்சரவு அத்தோடு தீரும். மனநலம் குன்றி அலையும் அந்த மனிதரைக் கண்டு அஞ்சுவதோடு நாம் நிறுத்திவிடக் கூடாது. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டப்படி, அப்படிப்பட்டவரைப் பாதுகாப்பில் எடுத்துச் சிகிச்சைக்கு வழிசெய்வது காவல் துறையின் பொறுப்பு. தங்கள் அலுவலகம் பேசினால் அவர் கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கு அன்போடு அழைத்துச் செல்லப்படுவார் என்று நம்புகிறேன்.

பூக்கட்டும் பெண்களில் பலரிடம் குடும்ப அட்டை இல்லை. முகவரி இல்லை என்பதால் அட்டை இல்லை. அட்டை இல்லை என்பதால் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத் தொகைக்கு விண்ணப்பிக்கவும் வழியில்லை. பூங்கா வாசலிலேயே ஒரு மாலை முகாம் நடத்தி ஆதார், குடும்ப அட்டை, வாக்காளர் அட்டை, முதியோர் ஓய்வூதியம் ஆகியவற்றுக்கு மனுக்களைப் பெற வேண்டுகிறேன். பகலில் வைத்தால் அவர்கள் ஒரு நாள் கூலியை இழப்பார்கள்.

கம்பி பதிக்க ஆகும் செலவை இவற்றுக்குச் செலவிடுங்கள். கம்பி பதித்தால் அவர்கள் சுவரிலிருந்து நகர்ந்து லாரிகள் ஓடும் சாலையோரத்தில்தான் படுப்பார்கள்.

எந்த முடிவுக்கும் முன்பாகத் தாங்களோ தங்கள் மண்டல அலுவலரோ ஓர் இரவு பத்து மணிக்கு மேல் நேரில் வந்து, அவர்களிடமே பேசிப் பார்க்குமாறு பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன். அவர்களை அப்புறப்படுத்தக் கோரும் மனுவில் கையெழுத்திட்ட அண்டை வீட்டாரையும் அப்போது அழைத்து வருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பூங்காத் தெருவில் குடியிருக்கும் ஒரு பெண்