வெள்ளைப் பட்டையில் சலுகை வேண்டாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சிலம்பம், கராத்தே முதலிய கலைகளில் நெடுங்காலம் தேர்ந்த ஒருவர் எதிராளியைத் தரையில் பிடித்து அடக்கும் பிரேசில் ஜியு-ஜிட்சு வகுப்பில் சேரும்போது அவரைத் தொடக்க நிலையான வெள்ளைப் பட்டையில் நிறுத்துவது அவருடைய உழைப்பை அவமதிப்பதாகும் என்றும், அவருக்கு முதல் நாளிலேயே அடுத்த நிலையான நீலப் பட்டை கொடுப்பதுதான் முறை என்றும் தங்கள் இதழில் வாசகர் ஒருவர் எழுதியிருந்தார். யாங்கோனில் பிறந்து, 28 ஆண்டுகளாகச் சிலம்பமும் குத்துவரிசையும் பழகி, இங்குள்ள தமிழ்ப் பிள்ளைகளுக்கு அவற்றைக் கற்றுக்கொடுத்து வருபவன் நான். இளமையில் பர்மியக் குத்துச்சண்டையான லெத்வே மேடையும் ஏறியிருக்கிறேன். அவர் பரிந்துரைக்கும் அந்தச் சலுகையைப் பெற்று, அதனால் கெட்டு, பிறகு அதை விட்டவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

2020 அக்டோபர் 30 அன்று சிங்கப்பூரில் நடந்த கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டியில் எங்கள் நாட்டு வீரர் ஆங் லா என்சாங், நெதர்லாந்தின் ரெய்னியர் டி ரிடரிடம் முதல் சுற்றிலேயே பின்னாலிருந்து இறுக்கிய கழுத்துப் பிடியில் தோற்றதை என் மாணவர்களோடு உட்கார்ந்து பார்த்தேன். தரைப்பிடியிலும் கைதேர்ந்தவரான அவருக்கே அந்தக் கதி என்றால், அப்படிப் பின்னால் ஏறிக்கொண்டவனை நாம் என்ன செய்வது மாஸ்டர் என்று ஒரு பையன் கேட்டான். என்னிடம் பதில் இல்லை. கம்பின் நீளத்தையும் காலடியையும் கொண்டு இடைவெளியை ஆள்வதுதான் எங்கள் கலை. லெத்வேயில் கையுறை கிடையாது, தலையால் முட்டலாம், கட்டிப்பிடித்து முழங்காலால் இடிக்கலாம். ஆனால் ஒருவன் தரையில் விழுந்ததும் நடுவர் குறுக்கே வந்துவிடுவார். அதற்கப்பால் என்ன செய்வது என்பதை என் உடல் கற்றதே இல்லை.

நான் முதலில் சேர்ந்த இடத்தில் என் அனுபவத்தை விசாரித்த கையோடு நீலப் பட்டையை எடுத்துக் கொடுத்தார்கள். எனக்கும் அது பெருமையாகத்தான் இருந்தது. அதன் விளைவு ஒரு வாரத்தில் தெரிந்தது. தரையில் இடுப்பை நழுவவிட்டு விலகும் பயிற்சி ஒன்று உண்டு. இறால் சுருண்டு பின்னுக்குப் போவதைப் போல இருப்பதால் அதற்கு இறாலின் பெயரையே வைத்திருக்கிறார்கள். இந்தக் கலையில் அது அரிச்சுவடி. நீலப் பட்டைக்காரருக்குத் தெரிந்திருக்கும் என்ற எண்ணத்தில் அதை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கேட்க எனக்கும் நா எழவில்லை. உண்மையாகவே உழைத்து அந்தப் பட்டையைப் பெற்றவர்கள் என்னையும் தங்களில் ஒருவனாக எண்ணி, தங்கள் வேகத்திலேயே பிடித்தார்கள். ஒரு நாள் என் கையை நீட்டிப் பூட்டியபோது, தோல்வியை ஒப்புக்கொண்டு எந்தக் கட்டத்தில் கையால் தட்டிவிட வேண்டும் என்பது எனக்குத் தெரியவில்லை. வலி வந்த பிறகு தட்டிக்கொள்ளலாம் என்று பொறுத்தேன். வலி வந்தபோது காலம் கடந்திருந்தது. முழங்கை வீங்கி, மூன்று வாரம் கம்பைச் சுழற்ற முடியாமல் என் வகுப்பிலேயே ஓரமாக உட்கார்ந்திருந்தேன். பிடித்த பையன்மேல் குற்றமே இல்லை. என் இடுப்பில் இருந்த பட்டைதான் அவனிடம் பொய் சொன்னது.

கை தேறியதும் வேறொரு வகுப்புக்குப் போய், எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லி வெள்ளைப் பட்டை கட்டிக்கொண்டேன். அங்கே முதல் மாதத்தில், என் எடையில் முக்கால் பங்குகூட இல்லாத ஒரு கல்லூரி மாணவன் என் மார்பின்மேல் ஏறி உட்கார்ந்தான். இருபத்தெட்டு ஆண்டுப் பழக்கம் முழுவதும் ஒன்றுசேர்ந்து, இரண்டு கைகளையும் நேராக நீட்டி அவனைத் தள்ளச் சொன்னது. தள்ளினேன். நீட்டிய கையைத்தான் அவன் எதிர்பார்த்திருந்தான். பயிற்சியாளர் எங்களை நிறுத்தி, என் முழங்கைகளை விலாவோடு ஒட்டவைத்து, "ஊலே, முதலில் மூச்சு விடுங்கள்" என்றார். மாமா என்று பொருள்படும் அந்தச் சொல்லைச் சொன்னவருக்கு வயது இருபத்தாறு. அதுவரை நான் மூச்சை அடக்கிக்கொண்டே போராடியிருக்கிறேன் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கம்பை இறுகப் பற்றிப் பழகிய விரல்கள் எதிராளியின் சட்டையையும் அப்படியே பற்ற, இரண்டே நிமிடத்தில் முன்னங்கை கல்லாகிவிடும் என்பதையும் அந்த மாதத்தில்தான் கற்றேன்.

எங்கள் ஊரில் இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. மூத்தவரைச் சங்கடப்படுத்தத் தயங்கும் மனத்தைப் பர்மியர்கள் ஆனாடே என்பார்கள். தடிஞ்யுட் திருநாளில் ஆசிரியர்களைத் தேடிப்போய் வணங்கும் பிள்ளைகள் இவர்கள்; நரைத்த தலைக்காரனின் கழுத்தை இறுக்கு என்றால் கை தானாகத் தளர்ந்துவிடும். அந்தத் தளர்வை என் திறமை என்று நம்பி நான் வீடு திரும்பிய நாட்களும் உண்டு. ஆகவே இப்போது ஒவ்வொரு முறையும் பிடிக்கு முன்பே, ஆனாடே வேண்டாம், முழுதாகப் பிடி என்று கேட்டுக்கொள்கிறேன். வயதுக்கே இவ்வளவு விட்டுக்கொடுக்கும் ஊரில் பட்டையிலும் விட்டுக்கொடுத்தால், மூத்தவர் எதைத்தான் கற்பார்?

ஜூடோ பயின்று வருபவரின் நிலை வேறு என்பதை ஒப்புக்கொள்கிறேன். 1914இல் பிரேசிலுக்குப் போன மயேடா என்னும் ஜூடோ வீரரின் வழியாக வளர்ந்ததுதான் பிரேசில் ஜியு-ஜிட்சு; பிடித்துத் தள்ளுவதையும் தரையில் அமுக்குவதையும் ஜூடோக்காரர் முன்பே செய்தவர். எங்களைப் போன்ற அடிமுறைக்காரர்கள் அப்படியல்லர். காத்திருக்கும் பொறுமையும், தோள் அசைவதைக் கொண்டே அடுத்த நகர்வை ஊகிக்கும் பழக்கமும் எனக்கு இப்போது உதவுகின்றன என்பது உண்மை. அவை கற்பதை விரைவாக்கும், கற்றதாகிவிடா. நீலப் பட்டையில் குறைந்தது 2 ஆண்டுகள் இருந்த பின்பே ஊதாப் பட்டை என்று பொதுவாக வைத்திருப்பவர்கள் காரணமில்லாமல் வைக்கவில்லை.

தமிழ்க் கலை கற்பிப்பவர் அயல்நாட்டுப் பிடிக்கலையில் மாணவராவது இழுக்கு என்றும் அந்த வாசகர் குறிப்பிட்டிருந்தார். புறநானூற்றின் 80ஆம் பாடலில் சாத்தந்தையார், ஆமூர் மல்லனைச் சோழன் போரவைக் கோப்பெருநற்கிள்ளி வென்றதைப் பாடும்போது, ஒரு கால் அவன் மார்பில் ஊன்றியிருக்க, மற்றொரு கால் அவன் தாக்குதலைத் தடுத்துப் பின்புறம் வளைந்ததைக் கண்ணால் கண்டதுபோலக் காட்டுகிறார். முழங்காலை மார்பில் ஊன்றி அமுக்கும் பிடியை எனக்கு அந்த இளம் பயிற்சியாளர் சொல்லித்தந்த அன்று, நான் அந்தப் பாடலைத்தான் நினைத்தேன். நம்மிடமும் இருந்த ஒன்றை வேறொருவர் வீட்டில் கற்பதில் எனக்கு எந்த இழுக்கும் தெரியவில்லை.

வகுப்பு நடத்துபவர்களை நான் கேட்பது இவ்வளவே: வேறு கலையின் ஆசான் உங்களிடம் வந்தால் வெள்ளைப் பட்டை கொடுங்கள், விழவும் நழுவவும் தட்டவும் முதலில் சொல்லிக்கொடுங்கள், அவரோடு பிடிக்கும் பிள்ளைகளிடம் தயங்க வேண்டாம் என்று அவர் காதுபடச் சொல்லுங்கள். ஞாயிறு காலையில் என்னிடம் சிலம்பம் பயிலும் பிள்ளைகளில் மூவர், அன்று மாலையில் என்னோடு அதே வரிசையில் வெள்ளைப் பட்டையுடன் நிற்கிறார்கள். அன்று கேள்வி கேட்ட பையனும் அவர்களில் ஒருவன். சென்ற வாரம் அவன் என் முதுகில் ஏறிக் கழுத்தைப் பிடித்தான், நான் தட்டினேன்.

இப்படிக்கு,
சிலம்ப ஆசிரியர் ஒருவர்,
யாங்கோன், மியான்மர்